பென் ஜான்சன் என்றால், எந்த பென் ஜான்சன்?

"பென் ஜான்சன் தெரியுமா?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர் என்றால், சியோல் ஒலிம்பிக்கில் ஓடிப் பதக்கத்தைப் பறிகொடுத்த வீரரைச் சொல்வார். ஆங்கில இலக்கியம் படித்தவர் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியரைச் சொல்வார். பழைய கௌபாய் படங்களை விரும்பிப் பார்ப்பவருக்குக் குதிரை மேல் அத்தனை இயல்பாக உட்காரும் ஓர் அமெரிக்க நடிகர் நினைவுக்கு வருவார். மூவர் சொல்வதும் சரிதான். பெயர் ஒன்று, ஆட்கள் வேறு.

இப்படி ஒரே பெயரில் பலர் இருக்கும்போது, நாம் தேடுபவர் யார் என்று பிரித்துக் காட்டுவதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளியது. ஊருக்குள் இரண்டு முருகேசன் இருந்தால் "எந்த முருகேசன், ரைஸ்மில் முருகேசனா, வாத்தியார் முருகேசனா?" என்று கேட்கிறோமே, அதேதான். பெயர் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதிக்கு இன்னொரு பிடி வேண்டும்.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது நாடகாசிரியர் பென் ஜான்சனைப் பற்றி வகுப்பில் மாட்ட ஒரு சார்ட் தயாரித்தேன். தேதிகள், நாடகங்களின் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக எழுதி, நடுவில் ஒரு படத்தை ஒட்டினேன். விக் வைத்த, பருத்த முகமுள்ள ஒரு மனிதரின் படம். பேராசிரியர் பார்த்துவிட்டு, "இவர் பிறந்தப்போ அவர் செத்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா" என்றார். நான் ஒட்டியிருந்தது அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் படம். அவர் பிறந்தது 1709-ல். நாடகாசிரியர் இறந்தது 1637-ல். அன்றைக்கு உட்கார்ந்து ஜான்சன்களை எல்லாம் பிரித்து எழுதினேன். அந்தத் தாளின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

பெயருக்குள் என்ன இருக்கிறது

முதலில் பெயரையே பிரித்துப் பார்ப்போம். பென் என்பது பெஞ்சமின் என்பதன் சுருக்கம். தமிழ் பைபிளில் அது பென்யமீன். யாக்கோபின் மனைவி ராகேல் பிரசவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் குழந்தைக்குப் பெனொனி, அதாவது 'என் துக்கத்தின் மகன்' என்று பெயர் வைக்கிறாள். யாக்கோபு அதை மாற்றிப் பென்யமீன் என்கிறான். 'வலது கையின் மகன்' என்று பொருள். எபிரேய மொழியில் 'பென்' என்றாலே மகன்தான். ஜான்சன் என்பதோ ஜானின் மகன். ஜான் யார்? தமிழ் பைபிளின் யோவான். ஆக பென் ஜான்சன் என்ற பெயரில் 'மகன்' இரண்டு தடவை வருகிறது, ஒன்று எபிரேயத்திலிருந்து, ஒன்று ஆங்கிலத்திலிருந்து.

ஏன் இத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஆண்களுக்கு வைத்த பெயர்கள் மிகக் குறைவு. ஜான், வில்லியம், தாமஸ் என்று கொஞ்சம் பெயர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். அத்தனை ஜான்களுக்கும் பிறந்த பிள்ளைகள் ஜான்சன்கள் ஆனார்கள், அதுவே பிறகு குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அமெரிக்காவுக்குப் போன ஸ்வீடன்காரர்களில் பலர் யோஹான்சன் என்ற தங்கள் பெயரை ஜான்சன் என்று மாற்றிக்கொண்டார்கள். 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் ஜான்சன் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். ஸ்மித்துக்கு அடுத்த இடம். இதில் எத்தனை வீட்டில் பெஞ்சமின் என்று பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் ஆள்: நாடகாசிரியர்

காலத்தால் மூத்தவர் இவர். 1572-ல் பிறந்தார். தந்தை ஒரு மதகுரு. மகன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்ட மனிதர் கொத்தனார். பையன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் வில்லியம் கேம்டன் என்ற பெரிய அறிஞரிடம் லத்தீன் படித்தான், அப்புறம் கரண்டியும் செங்கல்லுமாகக் கொத்து வேலைக்கும் போனான். பின்னாளில் அவரைப் பிடிக்காதவர்கள் இந்தக் கொத்தனார் தொழிலைச் சொல்லித்தான் ஏசினார்கள்.

1598 அவர் வாழ்க்கையில் மறக்க முடியாத வருஷம். அந்த வருஷம் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' என்ற அவருடைய நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. அதில் நடித்தவர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியர். ஜான்சன் பிறகு வெளியிட்ட நடிகர் பட்டியலில் முதல் பெயரே ஷேக்ஸ்பியர்தான். அதே வருஷம் செப்டம்பரில் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரோடு வாள்சண்டை போட்டு அவரைக் கொன்றும் விட்டார். தூக்குத்தண்டனைதான் கிடைத்திருக்கும். அன்றைய சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டை அவரைக் காப்பாற்றியது. படிக்கத் தெரிந்தவரை மதகுருக்களின் வரிசையில் வைத்து, முதல் குற்றத்துக்குத் தூக்கிலிருந்து விலக்கு கொடுப்பார்கள். பைபிளில் 'சங்கீதம்' என்ற பாடல் பகுதியிலிருந்து ஒரு வசனத்தை லத்தீனில் படித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கேம்டனிடம் கற்ற லத்தீன் ஜான்சனின் கழுத்தைக் காத்தது. இனி ஒரு தடவை இந்தச் சலுகையைக் கேட்க முடியாதபடி கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள்.

'வால்போனி', 'தி ஆல்கெமிஸ்ட்', 'பார்த்தலோமியூ ஃபேர்' இவையெல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை. பேராசையையும் போலித்தனத்தையும் அவர் அளவுக்கு உரித்துக் காட்டியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. 1616-ல் தன் நாடகங்களையும் கவிதைகளையும் ஒரே பெரிய தொகுதியாக அச்சிட்டார். நாடகம் என்பது பார்த்துவிட்டு மறப்பது என்று நினைத்த காலம் அது. அதைப் புத்தகமாகப் போடுவதா என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்த வழி திறந்ததால்தான் ஏழு வருஷம் கழித்து, 1623-ல், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அதேபோல் பெருந்தொகுதியாக வந்தன. அதன் முகப்பில் ஷேக்ஸ்பியரைப் புகழ்ந்து எழுதியவரும் இவரே. அவர் ஒரு காலத்துக்கு மட்டும் உரியவரல்லர், எக்காலத்துக்கும் உரியவர் என்ற அந்தப் புகழ்பெற்ற வரி ஜான்சனுடையது.

ஓர் எழுத்து செய்யும் வேலை

ஆங்கிலத்தில் நாடகாசிரியரின் பெயரை உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். நடிகரும் ஓட்டக்காரரும் தங்கள் குடும்பப் பெயரை எழுதும்போது நடுவில் 'எச்' என்ற எழுத்து உண்டு. நாடகாசிரியர் அதை எடுத்துவிட்டார். குடும்பத்தில் எல்லோரும் எழுதியது எச் போட்டுத்தான். இவர் மட்டும் தன் நூல்களில் அதை விட்டுவிட்டு எழுதினார். ஊரெல்லாம் ஜான்சன்கள் இருந்தபோது, தன்னைத் தனியாகக் காட்ட ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்ட மனிதர். பக்கவழி நெறிப்படுத்தலை நானூறு வருஷத்துக்கு முன்பே தனக்குத் தானே செய்துகொண்டவர் என்று இவரைச் சொல்லலாம்.

ஆனால் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லைப் பாருங்கள். படுக்க வைத்துப் புதைக்கப் போதிய இடமில்லாமல், சின்னதொரு சதுர இடத்தில் அவரை நின்ற நிலையில் புதைத்தார்கள். அதன் மேல் வைத்த சிறிய கல்லில், 'அரிய பென் ஜான்சனே' என்று பொருள்படும் நாலே சொற்கள். ஜாக் யங் என்ற ஒருவர் கல் செதுக்குபவருக்கு 18 பென்ஸ் கொடுத்து அதை வெட்டச் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தக் கல்லில் பெயர் எப்படி இருக்கிறது? எச் போட்டுத்தான் இருக்கிறது. அவர் தள்ளி வைத்த எழுத்து கல்லறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பி ஆளைப் பிரிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று பெரிதாகிறது. எச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமிழில் 'ஜான்சன்' ஒன்றுதான். ஆங்கிலத்தில் இருக்கும் ஒரே அடையாளமும் நம் எழுத்துக்கு மாறும்போது கரைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழில் 'ஜோன்சன்' என்று எழுதுவார்கள். எனவே ஒரே மனிதரைத் தேட இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு பெயர் ஒன்றாகிறது, இன்னொரு பக்கம் ஒரு பெயர் இரண்டாகிறது.

இரண்டு நடிகர்கள்

நடிகர் பென் ஜான்சன் என்றதும் ஹாலிவுட் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே ஒருவர் இருந்தார். லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில் பல்லாண்டு நடித்து 1742-ல் இறந்த ஆங்கிலேய நடிகர். அவர் பெயரும் பெஞ்சமின் ஜான்சன். ரசிகர்கள் பென் ஜான்சன் என்றே அழைத்தார்கள். அவர் பெயர் வாங்கியது எதில் தெரியுமா? நாடகாசிரியர் பென் ஜான்சனின் நாடகங்களில். 'வால்போனி'யில் வரும் பேராசைக் கிழவன் கார்பாச்சியோ அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடங்களில் ஒன்று. எழுதியவரும் பென் ஜான்சன், நடித்தவரும் பென் ஜான்சன், நடுவில் நூறு வருஷ இடைவெளி. ஒரு பழைய புத்தகத்தில் 'பென் ஜான்சனின் கார்பாச்சியோ' என்று படித்தால், படைத்தவரைச் சொல்கிறார்களா நடித்தவரைச் சொல்கிறார்களா என்று இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

இப்போது ஹாலிவுட்காரருக்கு வருவோம். 1918-ல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பெயரும் பென் ஜான்சன்தான்! அப்பா பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றின் மேலாளர்; ஓடும் மாட்டைக் கயிறு வீசிப் பிடிக்கும் ரோடியோ போட்டிகளில் பெயர் பெற்றவர். அமெரிக்கர்கள் இந்த மாதிரி நேரத்தில் அப்பாவுக்கு 'சீனியர்', மகனுக்கு 'ஜூனியர்' என்று பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு பக்கவழி.

மகன் நடிக்க வேண்டும் என்று ஹாலிவுட்டுக்குப் போகவில்லை. ஹோவர்ட் ஹியூஸ் தன் படம் ஒன்றுக்காக வாங்கிய குதிரைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போனவர், அங்கேயே குதிரைக்காரராகவும் ஸ்டன்ட் ஆளாகவும் தங்கிவிட்டார். 'ஃபோர்ட் அப்பாச்சி' படப்பிடிப்பில் ஒரு நாள், ஆட்கள் உட்கார்ந்திருந்த வண்டி ஒன்றை மிரண்ட குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடின. ஜான்சன் தன் குதிரையை விரட்டிப் போய் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் ஃபோர்ட் அவரை நடிகராகவே ஒப்பந்தம் செய்துகொண்டார். 'வேகன் மாஸ்டர்', 'ரியோ கிராண்டே', 'ஷேன்', 'தி வைல்ட் பஞ்ச்' என்று படங்கள் தொடர்ந்தன.

நடுவில் 1953-ல் சினிமாவை ஒதுக்கி வைத்துவிட்டு ரோடியோவுக்குப் போனார். இருவர் சேர்ந்து மாட்டுக்குக் கயிறு வீசும் போட்டியில் அந்த வருஷம் உலகச் சாம்பியன். பட்டம் கிடைத்தது, ஆனால் வருஷக் கடைசியில் கையில் பணம் நிற்கவில்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். திரும்ப நடிக்க வந்தார். 1971-ல் வந்த 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' படத்தில் சிறு ஊரொன்றின் சினிமாக் கொட்டகையை நடத்தும் பெரியவர் வேடம். வசனம் அதிகம் என்று முதலில் மறுத்தவரை, இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் ஜான் ஃபோர்டிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். திரையில் அவர் வருவது சுமார் பத்து நிமிடம். குளக்கரையில் உட்கார்ந்து, இளவயதில் தான் காதலித்த பெண்ணைப் பற்றி அவர் பேசும் காட்சி ஒன்று போதும். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்கே கிடைத்தது. 1996-ல் காலமானார். நான் இந்தப் பெயரில் தேடி அறிந்த மனிதர்களில் மனசுக்கு மிகவும் நெருங்கியவர் இவர்தான்.

ஓட்டக்காரரும் மற்றவர்களும்

தடகள வீரர் பென் ஜான்சன் 1961-ல் ஜமைக்காவில் பிறந்து, பதின்ம வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1988 செப்டம்பர் 24 அன்று சியோலில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடினார். மூன்று நாளில் எல்லாம் தலைகீழானது. ஸ்டானோசலால் என்ற ஊக்கமருந்து அவர் உடம்பில் இருந்தது தெரிந்து, தங்கப் பதக்கம் இரண்டாவதாக வந்த கார்ல் லூயிஸுக்குப் போனது. இவருடைய கதை தெரிந்த அளவுக்கு மற்ற பென் ஜான்சன்களின் கதை தெரியாமல் போனதற்கு, அந்தச் செய்தி அன்று உலகமெங்கும் ஓடிய வேகம்தான் காரணம்.

இன்னும் இருக்கிறார்கள். கட்டடங்களையும் நகரங்களையும் நுணுக்கமாக வரையும் பிரிட்டிஷ் ஓவியர் ஒருவர். 2000-ல் பிறந்து வெஸ்ட் ஹாம் அணிக்கும் பிறகு இப்ஸ்விச் அணிக்கும் ஆடிய கால்பந்து வீரர் ஒருவர். 2025-ல் சிகாகோ பேர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரான அமெரிக்கக் கால்பந்துக்காரர் ஒருவர். இந்தக் கடைசி இருவரும் வேறு வேறு விளையாட்டு என்பதைக் கவனியுங்கள் ('அமெரிக்கக் கால்பந்து' என்பது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம்). 'கால்பந்து பென் ஜான்சன்' என்று மட்டும் எழுதினால் பிரித்ததாகாது.

எப்படிப் பிரிப்பது

நூலகர்களுக்கு இது தினசரி வேலை. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் போட்டுவிடுவார்கள். ஜான்சன் 1572–1637 என்று வந்துவிட்டால் அது வேறு யாராகவும் இருக்க முடியாது. இப்போது எழுத்தாளர்கள், கலைஞர்களுக்கு 16 இலக்கச் சர்வதேச எண்ணும் உண்டு. கணினிக்கு அது போதும், மனிதருக்கு வருஷம்தான் வசதி.

சினிமாவில் வேறு வழி. அமெரிக்க நடிகர் சங்கத்தில் ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் தொழிலுக்கு வைத்துக்கொள்ள முடியாது. மைக்கேல் டக்ளஸ் என்று பிறந்த ஒருவர், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால் மைக்கேல் கீட்டன் ஆனார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்று பிறந்தவர் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் ஆனார். சிலர் பெயரை மாற்றாமல் நடுவில் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் மாதிரி.

நம் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஊர், அப்பா, தொழில் எல்லாம் பெயரோடு கூடவே வருகிறது. இப்படி ஒட்டு எதுவும் இல்லாமல் நின்ற ஔவையார் என்ற பெயரில்தான் சங்கப் புலவரும், ஆத்திசூடி பாடியவரும் ஒன்றாகக் குழம்பிப் போனார்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு நான் சொல்வது இதுதான். முதல் தடவை பெயர் வரும்போதே தொழிலையும் வருஷத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்: 'நாடகாசிரியர் பென் ஜான்சன் (1572–1637)', 'அமெரிக்க நடிகர் பென் ஜான்சன் (1918–1996)'. அப்புறம் ஜான்சன் என்று மட்டும் எழுதினால் போதும். படம் போடுவதற்கு முன் அந்த ஆள் வாழ்ந்த காலத்தையும் படத்தில் இருக்கும் உடையையும் ஒத்துப் பாருங்கள். சாமுவேல் ஜான்சன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1765-ல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்குப் புகழ்பெற்ற முன்னுரை எழுதியவர் அவர், 1623 தொகுதிக்குப் பாட்டு எழுதியவர் பென். இரண்டும் ஷேக்ஸ்பியர், இரண்டும் ஜான்சன். தேர்வுத்தாளில் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சொல்ல வேண்டிய இன்னொரு பென் ஜான்சன் பாக்கி இருக்கிறார். நாடகாசிரியரின் மூத்த மகன். அவனுக்கும் அப்பாவின் பெயர்தான். 1603-ல் லண்டனில் பிளேக் பரவியபோது அப்பா வெளியூரில், தன் பழைய ஆசிரியர் கேம்டனோடு ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு நாள், வாளால் கீறியது மாதிரி நெற்றியில் ரத்தச் சிலுவையோடு மகன் தன் முன்னால் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. காலையில் கேம்டனிடம் சொன்னார். வெறும் மனப்பிரமை என்று கேம்டன் ஆறுதல் சொன்னார். அதற்குள் மனைவியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. பிளேக்கில் பிள்ளை இறந்துவிட்டான். ஏழு வயது.

அவனுக்காக எழுதிய பன்னிரண்டு வரிப் பாட்டை, என் வலது கையின் பிள்ளையே, போய் வா என்று அந்தப் பெயரின் பொருளைச் சொல்லியே தொடங்குகிறார். கடைசியில், யாராவது கேட்டால் இப்படிச் சொல் என்று பிள்ளைக்கு ஒரு வாக்கியம் கொடுக்கிறார். அந்தக் கால ஆங்கில வழக்கில் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம். 'பென் ஜான்சனின் மிகச் சிறந்த கவிதை இங்கே கிடக்கிறது' என்றால் பென் ஜான்சன் அப்பா. 'பென் ஜான்சன் இங்கே கிடக்கிறான், அவன் அப்பாவின் மிகச் சிறந்த கவிதை அவன்' என்றால் பென் ஜான்சன் பிள்ளை. எச்-ஐ எடுத்துப் போட்டுத் தன் பெயரைத் தனியாகப் பிரித்துக்கொண்ட மனிதர், இந்த ஓர் இடத்தில் அதைப் பிரிக்காமலே விட்டிருக்கிறார்.